பந்தில் விழும் பாரம்

"அண்ணை, என்ர பிக்கப் எவ்வளவு இழுக்கும்?"

கடைக்கு வருகிறவர்கள் அநேகமாக இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். கேட்கும்போதே பதிலும் கையில் இருக்கும். விளம்பரப் பக்கத்தைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டுவார்கள். 11,000 இறாத்தல் இழுக்குமாம். வாங்கப்போகிற ட்ரெயிலர் 5,600தான். பாதியளவுதானே, பிறகென்ன என்பது அவர்களுடைய கணக்கு.

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, 401 நெடுஞ்சாலையை அண்டிய ஹிட்ச் கடைகளில்தான் என் தொழில் முழுவதும் கழிந்தது. இழுக்கமாட்டாமல் நின்ற பிக்கப்பை நான் கண்டது மிகக் குறைவு. சுமக்கமாட்டாமல் பின்பக்கம் குந்தி, முன்விளக்கு வானத்தைப் பார்க்க வந்து சேர்ந்தவை ஏராளம். எஞ்சின் இழுத்துவிடும். ட்ரெயிலரின் மூக்கையும் அதற்கு மேலே குடும்பத்தையும் சாமானையும் தாங்கவேண்டியவை ஸ்பிரிங்கும் அச்சும் ரயரும். விளம்பரத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இராது.

வீதிப் பலகையெல்லாம் கிலோமீற்றரில் இருந்தாலும் கனடாவில் ட்ரெயிலர் வியாபாரம் இன்னமும் இறாத்தலில்தான் நடக்கிறது. கடையில் பேசுகிறபடியே நானும் இறாத்தலில் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். ஊரில் லொறிக் கராஜ் ஒன்றில் வெல்டிங் பழகியிருந்தேன். இங்கே வேலை எடுத்துத் தந்தது அதுதான். அந்தக் காலத்தில் பல வாகனங்கள் ஹிட்ச் ரிசீவர் இல்லாமல்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். அடிச்சட்டத்தை அளந்து, இரும்பு வெட்டி, துளைபோட்டு, நாங்களே செய்து பூட்டுவோம். முதலாளி அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என்னிடம் தந்த ஆயுதம் குளியலறையில் ஏறி நின்று உடம்பு நிறுக்கிற தராசு.

ட்ரெயிலரின் முன்நுனியை, அதாவது ஹிட்ச் பந்தின் மேல் வந்து குந்துகிற கப்ளரை, அப்படியே அந்தத் தராசில் இறக்கினால் தராசு நொறுங்கிவிடும். அதனால் நடுவில் ஒரு தடித்த பலகை. பலகையின் ஒரு பக்கம் நிலத்தில் கிடக்கும் குழாய்த் துண்டின் மேலும், மறுபக்கம் தராசின் மேல் வைத்த இன்னொரு குழாய்த் துண்டின் மேலும் நிற்கவேண்டும். கப்ளருக்கு முட்டுக்கட்டை கொடுத்து, முதல் குழாயிலிருந்து ஓர் அடி தள்ளி, தராசுக் குழாயிலிருந்து இரண்டடி தள்ளிப் பலகையில் இறக்கவேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் பந்தில் விழும் பாரம் வந்துவிடும். முள் 240இல் நின்றால் பாரம் 720. ட்ரெயிலர் மட்டமாக நிற்கவேண்டும், சில்லுகளுக்குக் கட்டை வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். இதற்கென்றே செய்த ஹைட்ரோலிக் தராசுகள் பிறகு கடைக்கு வந்தன. ஆனாலும் அந்தப் பலகையை நான் எறியவில்லை.

ஆங்கிலத்தில் டங் வெயிட் என்று சொல்லும் இந்தப் பந்துப் பாரம், ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்கவேண்டும். பத்துக்குக் கீழே போனால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் வாகனத்தின் பின்அச்சு தாங்காது. தொழிலின் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கும். மற்றப் பாதி, பாரம் எங்கே இருக்கிறது என்று தேடுவது.

முதலில் ட்ரெயிலர்ப் பக்கம். விற்பனைத் தாளில் போட்டிருக்கும் 5,600 வெறும் பெட்டியின் பாரம். இந்தியானாவில் எல்க்ஹார்ட் பக்கம், வட அமெரிக்க ட்ரெயிலர்களில் பெரும்பகுதி செய்யப்படும் இடத்தில், தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது இருந்த பாரம். பிறகு விற்பனைக் கடையில் பற்றரி பூட்டுவார்கள், அது 50, 60 இறாத்தல். இரண்டு புரொப்பேன் சிலிண்டர்களை நிரப்பி வைத்தால் 70க்கு மேல். இவை இரண்டுமே மூக்கில்தான் இருக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியில் 150 லீற்றர் நிரப்பினால் அதுவே 330 இறாத்தல். அதற்குப் பிறகுதான் படுக்கை, பாத்திரம், சாப்பாடு.

எங்கள் ஆட்கள் கம்பிங் போவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு மடிப்புக் கதிரையும் ஒரு சின்ன அடுப்பும் கொண்டு அல்கொன்குயின் போவார்கள். நாங்கள் சாண்ட்பாங்ஸுக்கு இரண்டு நாள் போவதென்றாலும் 20 இறாத்தல் அரிசிப் பை, கொத்துரொட்டிக்கு ஒரு தகடு, பெரிய காஸ் அடுப்பு, பத்துப் பேருக்கு ஆட்டுக்கறி காய்ச்சும் சட்டி, நாலு ஐஸ்பெட்டி, கிரிக்கெட் மட்டை, மாமாவின் சாய்வுக் கதிரை. இதில் ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். சட்டியை நிறுத்துவிட்டு ஏற்றுங்கள் என்றுதான் சொல்வேன். 5,600 என்று வாங்கிய ட்ரெயிலர் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்படும்போது 7,000.

அடுத்தது வாகனம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஏறுகிற ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அடித்திருக்கும். பேலோட் என்பது அதுதான். ஒரே மொடல், ஒரே வருடம் என்றாலும் சன்ரூஃபும் தோல் இருக்கையும் பெரிய சில்லும் உள்ள வாகனத்தில் அந்த எண் குறைந்திருக்கும். வசதி கூடக்கூட அது கரைந்துகொண்டே போகும். குடும்பத்துக்கென்று நல்லாக அலங்கரித்து வாங்கிய எஃப்-150 ஒன்றின் கதவில் 1,500 இறாத்தலை ஒட்டி ஒரு எண் இருப்பது சாதாரணம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 7,000 இறாத்தல் ட்ரெயிலரின் மூக்கு 900. ஹிட்ச் இரும்பு 100. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் 550. பிக்கப்பின் பின்பெட்டிக்குள் விறகு, ஜெனரேற்றர், ஐஸ்பெட்டி. 11,000 இழுக்கும் என்று வந்தவரின் வாகனம் 7,000திலேயே நிரம்பி வழிகிறது. இதைக் கடதாசியில் எழுதிக் காட்டினால் சிலர் என்னோடு கோபிப்பார்கள். ட்ரெயிலரை விற்றவர் சிரித்த முகத்தோடு கைகுலுக்கி அனுப்பியிருப்பார், கெட்ட செய்தி சொல்லும் வேலை ஹிட்ச் பூட்டுகிறவன் தலையில் வந்து விழும்.

விளம்பர எண் வந்த கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கே சில விஷயம் தெளிந்தது. ஒரு காலத்தில் ஒவ்வொரு கொம்பனியும் தன்பாட்டில் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2008இல் எஸ்ஏஇ என்ற பொறியியலாளர் சங்கம் ஜே2807 என்று ஒரு பொது அளவுமுறையை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்திலுள்ள நீண்ட ஏற்றத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டு, குறித்த வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறவேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. ரொயோட்டா 2011 மொடல்களோடு முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் ஒருவர் ஒருவராக வர இன்னும் சில வருடம் பிடித்தது. நல்ல காரியம்தான், எண்கள் ஒப்பிடக்கூடியவையாகின. ஆனால் அந்தக் கணக்கில் வாகனத்துக்குள் இருப்பது தலா 150 இறாத்தலில் இரண்டு பேர். மூக்குப் பாரம் சரியாக நூற்றுக்குப் பத்து. பிள்ளைகள் இல்லை, ஐஸ்பெட்டி இல்லை. ட்ரெயிலரின் மூக்கும் நடைமுறையில் பன்னிரண்டு பதின்மூன்றில் நிற்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பமாவது அந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை.

எங்கள் சமூகத்தில் பிக்கப்புக்கு முன்பு சியென்னாதான் ராஜா. ரொயோட்டா சியென்னா, ஹொண்டா ஒடிசி இரண்டுக்கும் இழுவை எல்லை 3,500 இறாத்தல். அதற்கு ஒரு மடிப்புக் கூடார ட்ரெயிலர் போதும், நன்றாகவே போகும். ஆனால் கூடாரத்தில் இரண்டு கோடை படுத்தவுடன் கழிப்பறை உள்ள ட்ரெயிலர் வேண்டும் என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிடும், வாகனம் மட்டும் அதே சியென்னா. ஒன்ராறியோவிலேயே வானிலும் காரிலும் பெரிய ட்ரெயிலர் இழுக்கலாம் என்று ஹிட்சைப் பலப்படுத்திப் பூட்டிக் கொடுக்கும் ஒரு சாரார் உண்டு. தாழ்ந்த வாகனம், அகன்ற சில்லு, குறுகிய பின்தொங்கல் என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய வேலையை நான் பார்த்திருக்கிறேன், சுத்தமான வேலை. ஆனால் தயாரிப்பாளர் எழுதிய எல்லையைத் தாண்டிப் பூட்டி என் கையெழுத்தை வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

கடதாசிக் கணக்கு ஒரு எல்லை மட்டும்தான் கொண்டுபோகும். பிறகு நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். ஆரம்பத்தில் சல்லிக் கல் விற்கும் இடத்துத் தராசில் நிறுப்போம். அது ஒரே மேடை. முன்அச்சை ஏற்றி ஒரு எண், முழு வாகனத்தை ஏற்றி ஒரு எண், பிறகு கழித்து எழுதவேண்டும். பின்னால் சல்லி லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பான். நெடுஞ்சாலை லொறித் தரிப்பிடங்களில் இருக்கும் காட் தராசுகளைப் பழகிய பிறகு வேலை பாதியாகக் குறைந்தது. 1977இல் ஐயோவா மாநிலத்து வால்கொட் என்ற ஊரில் தொடங்கிய கொம்பனி அது, இப்போது கனடாவிலும் பரந்திருக்கிறது. ஒரே தரத்தில் முன்அச்சு, பின்அச்சு, ட்ரெயிலர் அச்சு மூன்றும் தனித்தனி மேடையில் நிற்கும், சீட்டிலும் மூன்று எண்கள் தனித்தனியாக வரும்.

மேடைகளுக்கு இடையில் கோடு தெரியும். முன்சில்லு முதல் மேடையில், பின்சில்லு இரண்டாவதில், ட்ரெயிலர்ச் சில்லுகள் மூன்றாவதில் முழுதாக நிற்கவேண்டும். கோட்டில் மிதித்தால் எண் பிழைக்கும். பேசும் பொத்தான் லொறிச் சாரதியின் உயரத்துக்கு வைத்திருப்பதால் பிக்கப்பிலிருந்து இறங்கிப் போய்த்தான் அழுத்தவேண்டிவரும். இப்போது தொலைபேசிச் செயலியிலும் செய்யலாம். சனிக்கிழமைக் காலையில் போய் லொறிகளை மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது. அவர்களுக்கு அது பிழைப்பு. வாரநாளில் வெள்ளென போனால் ஆளரவம் இராது.

மூன்று தரம் நிறுக்கவேண்டும். ஒருவருடைய வாகனத்தை வைத்தே சொல்கிறேன். கதவில் மொத்த எல்லை 7,050, பின்அச்சு எல்லை 4,050. குடும்பம் உள்ளே, சாமான் ஏற்றியபடி, விடுமுறைக்குப் புறப்படும் கோலத்திலேயே வரச்சொல்லியிருந்தேன்.

ட்ரெயிலரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வாகனத்தை மட்டும் நிறுத்தபோது முன்அச்சு 3,260, பின்அச்சு 3,100. மொத்தம் 6,360. பிறகு ட்ரெயிலரைக் கொழுவி, ஹிட்சின் பாரம் பகிரும் கம்பிகளை மாட்டாமல் நிறுத்தோம். முன்அச்சு 2,900, பின்அச்சு 4,360, ட்ரெயிலர் அச்சு 6,100. வாகனம் 7,260 ஆகிவிட்டது. 7,260இல் 6,360 போக மீதி 900. பந்தில் விழுவது அதுதான். ட்ரெயிலரின் மொத்தம் 6,100உம் 900உம் சேர்ந்து 7,000, மூக்கு நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்று. நல்லது.

ஆனால் பின்அச்சைப் பாருங்கள். பந்தில் விழுந்தது 900, பின்அச்சில் கூடியது 1,260. ஊரில் துலா மிதித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பின்அச்சு ஆடுகால், பந்து ஒரு நுனி, முன்சில்லு மறுநுனி. பின்னால் அமத்தினால் முன்னால் கிளம்பும். முன்அச்சிலிருந்து 360 இறாத்தல் கிளம்பிப் பின்னால் போய்விட்டது. ஸ்டியரிங்கைத் திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் அந்த முன்சில்லுதான். மழையில் நனைந்த வளைவில் அது தெரியவரும்.

அதற்குத்தான் அந்தக் கம்பிகள். இரண்டு ஸ்பிரிங் கம்பிகளை ட்ரெயிலரின் சட்டத்தோடு வளைத்து மாட்டினால் கொழுவிய இடம் விறைத்துக்கொண்டு, பாரத்தில் ஒரு பங்கு முன்னுக்கும் ஒரு பங்கு ட்ரெயிலர் அச்சுக்கும் போகும். மாட்டிவிட்டு மறுபடியும் நிறுத்தோம். முன்அச்சு 3,080, பின்அச்சு 4,080, ட்ரெயிலர் அச்சு 6,200. முன்னால் இழந்த 360இல் 180 திரும்பியிருக்கிறது.

இந்தப் பாதிக் கணக்கு நான் பழகிய காலத்துக் கணக்கல்ல. அப்போது முன்சில்லு வளைவையும் பின்சில்லு வளைவையும் நாடாவால் அளந்து, இரண்டும் ஒரேயளவு இறங்கும்வரை கம்பியை இறுக்கு என்றுதான் சொல்லித் தந்தார்கள். முன்பக்கம் கொழுவுவதற்கு முன் இருந்ததைவிடத் தாழ்ந்தாலும் பெருமையாகப் பார்ப்போம். பிறகு வாகனக் கொம்பனிகளின் கையேடுகள் மாறின. முன்பக்கம் உயர்ந்ததில் பாதியளவைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும், அதற்கு மேலே இறுக்காதே என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பின்சில்லு லேசாகி, வளைவில் வாகனத்தின் பின்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும் என்பது காரணம். பழைய ஆட்கள் பலர் இதை இன்னும் ஏற்றுக்கொள்வதில்லை. கையேட்டில் இருக்கிற எண்ணை எடுங்கள், உங்கள் மாமனார் சொன்னதை விடுங்கள் என்பேன்.

அந்த வாகனத்துக்கு வருவோம். கம்பி மாட்டிய பிறகு வாகனம் 7,160. எல்லைக்கு மேலே 110. பின்அச்சு எல்லைக்கு மேலே 30. உரிமையாளருக்கு முகம் வாடிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தோம். விறகு, ஒரு கட்டு இரண்டு கட்டல்ல, பெட்டியின் பின்கதவோடு ஒட்டி ஒரு அடுக்கு.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"அங்கை விலை கூட அண்ணை."

விறகைக் கட்டாயம் இறக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று தராசுச் சீட்டு. மற்றது, சாம்பல் மரங்களைத் தின்று தீர்த்த மரகதப் பச்சை வண்டு விறகோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் பயணம் செய்வதால், கட்டுப்பாட்டு வலயங்களிலிருந்து விறகை வெளியே கொண்டுபோவதற்கு மத்திய அரசின் தடை இருக்கிறது. விறகு வீட்டுக்குத் திரும்பியது. இரண்டு ஐஸ்பெட்டியை ட்ரெயிலருக்குள், அதன் அச்சுக்கு நேர் மேலே வைத்தோம். மீண்டும் நிறுத்தபோது வாகனம் எல்லைக்குள் வந்துவிட்டது. ஒரு சதமும் செலவில்லை.

மொத்தம் சரியாக இருந்தும் ஆபத்தாக வந்த ஒரு ட்ரெயிலர் இன்னும் நினைவில் இருக்கிறது. பரி பக்கமிருந்து 400 நெடுஞ்சாலையால் இறங்கி வந்தவர். கை நடுங்கிக்கொண்டிருந்தது. லொறி ஒன்று முந்தும்போது ட்ரெயிலர் ஒருதரம் இழுத்ததாம், பிறகு மறுபக்கம், பிறகு இன்னும் பெரிதாக. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் கூடியதாம். எப்படியோ வேகம் குறைந்து நின்றிருக்கிறது. எல்லாப் பாரமும் எல்லைக்குள் இருக்கிறது, நான் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். ட்ரெயிலர் முழுதாக 6,000. வாகனம் அதைவிடப் பெரிதையும் இழுக்கும். பலகையை எடுத்து மூக்கை நிறுத்தேன். 380. நூற்றுக்கு ஆறு.

பின்னால் போய்ப் பார்த்தால் பம்பரில் ஒரு தாங்கி, அதில் நாலு சைக்கிள், பக்கத்தில் ஜெனரேற்றர். போதாததற்கு அந்த மொடலில் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால், அதுவும் முழுதாக நிரப்பியிருந்தது. அச்சிலிருந்து பத்தடி பின்னே தொங்கும் 100 இறாத்தல் மூக்கிலிருந்து எவ்வளவு தூக்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜெனரேற்றர் பிக்கப்புக்கு வந்தது, இரண்டு சைக்கிள் உள்ளே படுத்தன, தொட்டியை வடியவிட்டோம். மூக்கு 700ஐத் தாண்டியது. எல்லாத் தொட்டியும் பின்னால் இருக்கும் என்றில்லை. சிலவற்றில் முன்கட்டிலுக்குக் கீழே இருக்கும். அங்கே தண்ணீரை வடியவிட்டால் மூக்கு லேசாகும். உங்கள் தொட்டி எங்கே என்று குனிந்து பார்க்காமல் யார் சொல்லும் புத்திமதியும் உதவாது.

வால் ஆடத் தொடங்கினால் செய்யவேண்டியதை அன்றைக்கே அவருக்குக் கடை முற்றத்தில் பழக்கினேன். கால் பிரேக்குக்குப் போகக்கூடாது. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ட்ரெயிலர் பிரேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள சின்ன நெம்பை விரலால் தள்ளவேண்டும். ட்ரெயிலரின் பிரேக் மட்டும் பிடித்து அதைப் பின்னாலே நேராக்கும். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். ஆனால் அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் உண்டு. முன்பெல்லாம் அந்தப் பெட்டியை நாங்கள்தான் டாஷுக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் பூட்டிக் கொடுப்போம், அதனால் கை தானாகப் போகும். இப்போது பிக்கப்புகளில் தொழிற்சாலையிலேயே டாஷுக்குள் பதித்து வருகிறது. வாலாட்டத்தைத் தானே உணர்ந்து பிரேக் பிடிக்கும் வசதியும் வந்துவிட்டது. நல்ல வசதிகள். ஆனால் அவை வந்த பிறகு வாங்குகிறவர்களின் ட்ரெயிலர் நாலடி நீண்டுவிட்டது.

2020க்குப் பிறகு நடந்தது வேறு கதை. விமானம் இல்லை, கியூபா இல்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ட்ரெயிலர் ஆசை வந்தது. 2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 இலட்சம் அளவில் வீட்டு வண்டிகளும் ட்ரெயிலர்களும் வெளியேறின. அதுவரை அப்படியொரு வருடம் இருந்ததில்லை. அந்தக் கோடையில் எங்கள் முற்றத்துக்கு வந்தவர்களில் பலர் வாழ்நாளில் எதையும் கொழுவி இழுக்காதவர்கள். பந்தின் அளவே மாறிப் பூட்டியிருந்த ஒருவர் வந்தார். 2 அங்குலப் பந்தில் 2 5/16 அங்குலக் கப்ளர். மூடியும் கிடந்தது, பூட்டும் விழுந்திருந்தது. ஒரு நல்ல குழியில் விழுந்தால் துள்ளிக் கழன்றிருக்கும். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ட்ரெயிலரைக் கையில் கொடுத்து அனுப்பியவர்களைத்தான் திட்டினேன், அவர்கள் காதில் விழாமல்.

லொறித் தராசு காட்டாத ஒன்று உண்டு. இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று அது சொல்லாது. சமையலறை, குளிர்ப்பெட்டி, வெளியே தள்ளும் அறை எல்லாம் ஒரே பக்கத்தில் அமைந்த ட்ரெயிலர்கள் இருக்கின்றன. அச்சு மொத்தம் எல்லைக்குள் நிற்கும், ஆனால் ஒரு பக்கத்து ரயர் மட்டும் தன் அளவைத் தாண்டித் தாங்கிக்கொண்டிருக்கும். ரயர் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்று யாராவது வந்தால் சில்லுக்குச் சில்லு வைக்கும் சிறிய தராசுகளை எடுப்பேன். நாலு சில்லையும் ஒரே நேரத்தில் மட்டமாக ஏற்ற நேரம் எடுக்கும் வேலை, ஆனால் காரணம் கையில் வந்துவிடும். குளிர்காலத்தில் புளோரிடா போகும் முதியவர்களுக்கு அங்கே புஷ்னெலில் எஸ்கேப்பீஸ் சங்கம் இப்படிச் சில்லுக்குச் சில்லு நிறுத்துக் கொடுப்பதைச் சொல்லி அனுப்புவேன். திரும்பி வரும்போது சீட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள், மருத்துவ அறிக்கையைக் காட்டுகிற அதே முகபாவத்தோடு.

ரயர் என்றதும் ஒன்று. காற்றை ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். ட்ரெயிலர் ரயர் தேய்வதற்கு முன் முதுமையால் செத்துவிடும், வருடத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. ஓரத்தில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், மற்ற இரண்டு வருடம். ஐந்தாறு வருடம் கடந்திருந்தால் பூ எவ்வளவு ஆழம் இருந்தாலும் மாற்றச் சொல்வேன். பூ நல்லாத்தானே இருக்கு என்பார்கள்.

போன கோடைக்கு முதல் கோடை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். மனைவி கணக்காளர். முந்திய ட்ரெயிலரின் மூன்று தராசுச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெரிதாக ஒன்று வாங்க யோசனை, கணவனுக்கு 30 அடியில் கண். நானும் அவர்களோடு விற்பனைக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் வெறும் பெட்டிப் பாரத்தைச் சொன்னார். அந்தப் பிள்ளை, "ஏற்றிய பிறகு எல்லை எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முற்றத்துக்குப் போய் ட்ரெயிலரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தேடிப் படம் எடுத்தார். அந்த எல்லையில் நூற்றுக்குப் பதின்மூன்று போட்டு, ஹிட்ச் இரும்பைக் கூட்டி, பழைய சீட்டில் வாகனம் தனியே நின்ற எண்ணோடு சேர்த்தார். 30 அடியில் வாகனம் 400 இறாத்தல் மிஞ்சியது. 24 அடியில் 90 இறாத்தல் மிச்சம் வந்தது. கணவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பின்பக்கம் போய் பம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இதிலை ரெண்டு சைக்கிள் கொழுவலாமோ?"

நான் வாய் திறக்க முதல் மனைவி குனிந்து, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.